தூரத்துக்கு வைத்த லென்ஸ்

எங்கள் ஊரில் யார் செத்தாலும் பாதிரியாருக்குச் சொல்கிறார்களோ இல்லையோ, முதலில் என் கடைக்கு வந்துவிடுவார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒற்றை அறை, ஒரு கணினி, ஒரு அச்சு இயந்திரம், ஓயாமல் இருமுகிற ஒரு ஹீட்டர். நெவியானாவின் அச்சகம் என்றால் இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தை மூடியதும் பரீட்சைத் தாள் வேலை போயிற்று. கல்யாணப் பத்திரிகை அடிக்க ஊரில் இளசுகளே இல்லை, எல்லாரும் ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். மிச்சம் இருப்பது அஞ்சலி நோட்டீஸ். படம், பெயர், வயது, கீழே நாலு வரி. செத்த அன்றைக்கு ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, அப்புறம் வருஷா வருஷம். செத்தவர் வீட்டு வாசலில் ஒட்டுவோம், ரொட்டிக்கடை முன்னால் இருக்கிற கம்பத்தில் ஒட்டுவோம். யாரும் யாரையும் தேடிப்போய்ச் சாவு சொல்வதில்லை, கம்பம் சொல்லிவிடும். ரொட்டி வாங்க வருகிற எவரும் அதன் முன்னால் நின்று படித்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டுதான் நகர்வார்கள்.

நிற்காமல் போகிற ஆள் ஊரில் ஒருவர்தான் இருந்தார். ஸ்டாமென்.

வேலை செய்த காலம் முழுக்கப் பேருந்து ஓட்டியவர் அவர். எங்கள் ஊரிலிருந்து டான்யூப் கரையோரமாக மாவட்டத் தலைநகர் வரை போய் வருகிற வண்டி. தெருவில் யாரைப் பார்த்தாலும் ஹாரன் அடித்துக் கை தூக்குவார். ஓடிவருகிற ஆளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டால் வண்டியை நிறுத்திவிடுவார், எத்தனை பேர் முணுமுணுத்தாலும் சரி. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஒரே மகள் ஸ்பெயினில் கிழவர்களைக் குளிப்பாட்டுகிற வேலையில் இருக்கிறாள். இங்கே இவரைப் பார்க்க ஆள் இல்லை.

அப்படிப்பட்ட மனிதர் இரண்டு வருஷமாக யாருக்கும் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். கழுத்தை நிமிர்த்தி நேரே பார்த்துக்கொண்டு நடப்பார். நாம் சிரித்தால் திரும்பிச் சிரிப்பதில்லை, தலையசைத்தால் பதிலுக்கு ஒரு அசைவு இல்லை. எங்கள் ஊரில் கடன் வாங்கித் திருப்பித் தராதவனைக்கூட மன்னிப்பார்கள், வணக்கத்தைத் திருப்பித் தராதவனை மன்னிக்க மாட்டார்கள். இரண்டு மூன்று தடவை பார்த்தார்கள், பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள். ஒருநாள் என் கடை வாசலில் நின்று நான் கை காட்ட, என்னை ஏதோ தூண் மாதிரி கடந்து போனார். வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்த ஆள் செத்தால் எழுத்துப் பிழையோடுதான் அடிப்பேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே துணை ராங்கெல். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியானமானால் இரண்டு பேரும் பேருந்து நிலைய நிழற்குடையில் டப்லா பலகையை விரித்துவிடுவார்கள். இரண்டு பகடை, ஆளுக்குப் பதினைந்து காய், நாள் முழுக்கச் சண்டை. பகடை உருளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் இழவுக் கவிதை டைப் அடிப்பேன்.

போன வருஷம் செப்டம்பரில் அதுவும் நின்றது. ஸ்டாமென் பகடையை உருட்டி ஆறு-ஆறு என்று சொல்லிக் காயை நகர்த்தினார். கிடந்தது ஆறும் நாலும். அந்த வாரத்தில் இது முதல் தடவை இல்லை போலிருக்கிறது. "இந்த வயசுல கள்ளாட்டம் ஆடறியேடா, வெக்கமா இல்ல?" என்று ராங்கெல் கேட்டது என் கடைக்குள் வரை வந்தது. நிழற்குடையில் பேருந்துக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். ஸ்டாமென் பலகையைப் படாரென்று மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. நவம்பரில் ராங்கெல் இறந்துபோனார். நெஞ்சுவலி. பெண்டாட்டி கினா விழித்துப் பார்க்கும்போது உடம்பு குளிர்ந்திருந்தது. நான்தான் நோட்டீஸ் அடித்தேன். மழையில் நின்று நானே ஒட்டினேன், கம்பத்தில் ஒன்று, வாசலில் ஒன்று, ஸ்டாமென் வீட்டுத் தெருமுனையில் ஒன்று. ஊரே சவ அடக்கத்துக்கு வந்தது. ஸ்டாமென் வரவில்லை. நாற்பதாம் நாளுக்கும் வரவில்லை. ஒரு விளையாட்டுச் சண்டைக்காகச் செத்தவன்மேலும் வன்மம் வைக்கிறானே, இவன் மனுஷனா என்று ஊர் பேசியது. நானும்தான் பேசினேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாக.

ஏப்ரல் கடைசியில் கினா அக்கா ஆறாம் மாத நோட்டீஸுக்குச் சொல்ல வந்தாள். படத்தை மேஜைமேல் வைத்தவள் போகாமல் நின்றாள். என்ன என்று கேட்டதும்தான் மார்ச் முதல் தேதி நடந்ததைச் சொன்னாள். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலை ஒருவர் கையில் ஒருவர் கட்டுவோம். ஊருக்குத் திரும்பி வருகிற செங்கால் நாரையைக் கண்ணால் பார்க்கிறவரை அவிழ்க்கமாட்டோம். துக்க வீட்டில் அந்த வருஷம் கட்டுவதில்லை. கினா கறுப்புத் தலைத்துணியோடு ரொட்டிக்கடையில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஸ்டாமென் கிட்டே வந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து புது நூல் ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்திருக்கிறார்.

"என்ன சொன்னான் தெரியுமா?" என்றாள் கினா அக்கா. "இதை உன் வீட்டுக்காரன் கையில கட்டு, ஆரோக்கியமா இருக்கட்டும். வீம்பை விட்டுட்டு வரச் சொல்லு, பலகை விரிச்சே இருக்குன்னு சொன்னான். எம் முகத்தைப் பாத்து சொன்னான், நெவியானா. குழிக்குள்ள கெடக்கறவரு கையில நான் நூல் கட்டணுமாம். திருப்பிக் கேக்கறதுக்குள்ள போயிட்டான்."

அவள் போனதும் நான் கடையைப் பூட்டினேன். நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று ஸ்டாமென் வீட்டுக்கு நடந்தேன். கதவைத் திறந்தவர் என்னை நேரே பார்த்தார். பார்த்துவிட்டு, யாரு, என்றார். நான் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துபோயிற்று.

"நெவியானாவா? உள்ள வா, உள்ள வா. ராங்கெல் அனுப்பினானா?"

உள்ளே போனேன். பட்டப்பகலில் கண்ணைக் கூசுகிற பெரிய பல்பு எரிந்தது. சன்னலோர மேஜையில் டப்லா பலகை விரித்திருந்தது, காய்கள் அடுக்கித் தயாராக. இந்தப் பக்கம் ஒரு முக்காலி, அந்தப் பக்கம் ஒரு முக்காலி. எனக்குக் காபி ஊற்றினார். கோப்பைக்குள் ஒரு விரலை விட்டு, சூடு விரலில் பட்டதும் நிறுத்தினார். அவர் மணிக்கட்டில் சிவப்பு-வெள்ளை நூல் இன்னும் இருந்தது, அழுக்கேறிக் கறுத்துப்போய்.

"நாரை வந்து எத்தனையோ நாளாச்சே அண்ணே," என்றேன். "உங்க வாசல் கரண்டுக் கம்பத்துலதான் கூடு கட்டியிருக்கு."

"அப்படியா? அலகைத் தட்டற சத்தம் கேக்குது. ஆனா கண்ணுல படலையே. இந்த வருஷம் பனி விலகவே மாட்டேங்குது, பாரேன்."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. டான்யூப் கரையில் குளிர்காலம் முழுக்க மூடுபனி உட்கார்ந்திருக்கும், எதிர்வீடு தெரியாது. அந்தப் பனியின்மேலே பழியைப் போட்டு இந்த மனிதர் இரண்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறார். எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. தூண் மாதிரி என்னைக் கடந்து போனது, ஆறும் நாலும் ஆறு-ஆறு ஆனது, கம்பத்தின் முன் நிற்காமல் நடந்தது. ராங்கெல் செத்ததே இவருக்குத் தெரியாது. நோட்டீஸ் ஒட்டியாயிற்று, எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நாங்கள் எல்லாரும் இருந்துவிட்டோம். பேசாதவனிடம் யார் போய்ச் சொல்வார்கள்?

அது பனி இல்லை என்று மட்டும் சொன்னேன். முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு ஒப்புக்கொண்டார். எங்கள் பேச்சில் கண்புரைக்குத் திரைச்சீலை என்றுதான் பெயர். அவர் அம்மாவுக்கும் அது வந்ததாம். நன்றாகப் பழுத்தபிறகுதான் எடுக்கவேண்டும் என்று அந்தக் காலத்து டாக்டர் சொன்னாராம். இவரும் பழுக்கட்டும் என்று விட்டிருக்கிறார்.

"பழுக்கறதுக்கு அது என்ன பிளம் பழமா? ஆஸ்பத்திரிக்கு வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

இந்த வயதில் எனக்கு எதற்கு என்று ஆரம்பித்தார். மகளைப் போனில்தானே பார்க்கிறேன், அதுவும் கலங்கலாகத் தெரிகிறது, குண்டாயிட்டே, நல்லாயிருக்கே என்று குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவளும் சந்தோஷப்படுகிறாள் என்றார். பிறகு எழுந்து எதிர்ப்பக்கத்து முக்காலியைத் தடவிச் சரிசெய்தார்.

"அதுக்கப்புறம் பகடை கண்ணுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"அப்ப வரேன். அவன் கள்ளன்னு சொன்னதுல தப்பில்ல, நெவியானா. கண்ணு தெரியலைன்னு நான் சொல்லலை. பஸ் ஓட்டினவன் எப்படிச் சொல்றது? நல்லாத் தெரிய ஆரம்பிச்சதும் அவன் எதிர்ல உக்காந்து சொல்லிடறேன்."

அப்போதே சொல்லியிருக்கவேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதர் கண்ணைத் திறக்க ஒத்துக்கொண்டதே ஒரு காரணத்துக்காகத்தான். அந்தக் காரணத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, வாங்க ஆஸ்பத்திரிக்கு என்று எப்படி அழைப்பது? எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் யானேவா, சின்ன வயது, வேகமான கைகள். கூட வந்திருப்பது மகளா என்று கேட்டாள். இல்ல, ஊர்ல சாகறவங்களுக்கு நோட்டீஸ் அடிக்கறவ, என்றார் ஸ்டாமென். டாக்டர் என்னை ஒருமாதிரி பார்த்தாள். ஒரு கருவிக்குள் பார்க்கச் சொன்னார்கள். ஒரு சாலை தெரியும், அதன் கோடியில் ஒரு வண்ணப் பலூன் தெரியும் என்றார்கள். இவருக்குச் சாலையும் இல்லை, பலூனும் இல்லை. வலது கண்ணில் ஏதோ கொஞ்சம் தெரிந்தது, இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான். ஒளியை விட்டு அளக்கிற கருவியால் இடது கண்ணை அளக்கவே முடியவில்லை. கண்ணை மரத்துப்போகச் செய்து, பேனா மாதிரி ஒன்றை மெல்லத் தொட்டு ஒலியால் அளந்தார்கள்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினாள். திரை என்று நாம் சொன்னாலும் அது கண்மேல் படர்கிற தோல் இல்லையாம். கண்மணிக்குப் பின்னால் பிறவியிலேயே ஒரு லென்ஸ் இருக்கிறது, வயதானால் அது கலங்கிப்போகிறது, அவ்வளவுதான். முட்டையின் வெள்ளைக்கரு வேகிற மாதிரி என்றாள். வெந்ததை மறுபடி பச்சையாக்க முடியாது, அதனால் எந்தச் சொட்டு மருந்தும் எந்தத் தேனும் இதைக் கரைக்காது. பழுக்கட்டும் என்று காத்திருப்பது பழைய கதை, முத்த முத்தக் கல்லாகிவிடும், எடுக்கிறவளுக்கும் கஷ்டம், கண்ணுக்கும் ஆபத்து. இப்போது ஒரு நெல்மணி அளவுக்கு வெட்டு, உள்ளே அந்தக் கலங்கலை ஒலியால் உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த புது லென்ஸ் ஒன்றை நுழைப்பார்கள், அது உள்ளே போய் விரிந்துகொள்ளும். மயக்க மருந்துகூட வேண்டாம். நரம்பு நன்றாக இருப்பதாகத்தான் தெரிகிறது, எடுத்துப் பார்த்தால்தான் உறுதி என்றாள்.

ஸ்டாமென் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் டாக்டர் ஒரு கேள்வி கேட்டாள். புது லென்ஸ் நம் பழைய லென்ஸ் மாதிரி தானாக மாறிக்கொள்ளாதாம். ஒரு தூரத்துக்குத்தான் வைக்கமுடியும். எட்ட இருப்பது தெளிவாகத் தெரியவேண்டுமா, கிட்ட இருப்பதா? பெரும்பாலானவர்கள் எட்டத்துக்கு வைத்துக்கொண்டு, படிக்க மட்டும் கண்ணாடி போடுவார்கள்.

"கிட்டத்துக்கே வைங்க," என்றார் ஸ்டாமென். இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டிக் காட்டினார். "டப்லா பலகை தூரம். பகடையில எத்தனைன்னு தெரியணும், எதிர்ல உக்காந்திருக்கறவன் மூஞ்சி தெரியணும். அது போதும்."

டாக்டர் சிரித்தாள். ஒருமுறை வைத்தால் மாற்றுவது லேசில்லை, தெருவில் நடக்கவும் ஆள் அடையாளம் காணவும் கண்ணாடி வேண்டியிருக்கும், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். யோசித்தாயிற்று என்றார் இவர். அவள் பேனாவை எடுத்தாள்.

ஒரு கண்ணுக்கு ஒரு லென்ஸ், சாகிறவரைக்கும். அதை இந்த மனிதர் ஒரு காலி முக்காலிக்காக வைத்துக்கொள்ளப் போகிறார்.

"எழுதாதீங்க டாக்டர்," என்றேன். "அண்ணே, ராங்கெல் இல்ல."

"எங்க போயிட்டான்?"

"செத்துட்டாரு. நவம்பர்ல."

அவர் சிரிக்கிற மாதிரி ஏதோ செய்தார். என் குரல் வந்த பக்கம் திரும்பினார். நான் அழுதுகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. ஆனால் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டிருக்கும்.

"நோட்டீஸ் ஒட்டலியா?" என்றார்.

"ஒட்டினேன். கம்பத்துல ஒட்டினேன், அவர் வாசல்ல ஒட்டினேன், உங்க தெருமுனையிலயும் ஒட்டினேன்."

"நான் அதைத் தாண்டித்தானே தினமும் போனேன்."

"ஆமா அண்ணே."

"கினா கையில நூல் குடுத்தேனே."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இன்னொரு நாள் வாருங்கள், அவசரமில்லை என்றாள். ஸ்டாமென் மேஜைமேல் நீட்டியிருந்த கைகளை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டார். வெளியே நடைபாதையில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது அடங்குகிற வரை காத்திருந்தார்.

"அப்ப தூரத்துக்கே வைங்க," என்றார்.

அடுத்த வாரம் இடது கண்ணுக்கு அறுவைசிகிச்சை. அதுவரை அவர் கதவைத் திறக்கவில்லை. நான் வாசலில் வைத்த சூப் பாத்திரம் மட்டும் காலியாகத் திரும்பி வந்தது. வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அன்றைக்குக் காலை கடையைத் திறக்கப் போனால், சவரம் செய்து, ஓட்டுநர் காலத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவுப் பக்கம் நின்றிருந்தார்.

உள்ளே நடந்ததை அவரே பிறகு சொன்னார். சொட்டு மருந்து விட்டு மரத்துப்போக வைத்தார்கள். மேலே ஒரு வெளிச்சம், அதையே பார் என்றார்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து விளக்கைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வலி இல்லை, அழுத்தம் மட்டும்தான். ஏதோ இயந்திரம் ரீங்காரமிட்டது. சந்தை நாளில் வண்டி நிறைய எவ்வளவு நேரமாகுமோ அதற்குள் முடிந்துவிட்டது. ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். காலையில் கண்மேல் இருந்த மூடியை எடுத்தபோது நான் எதிரே நின்றிருந்தேன். வெகுநேரம் என்னையே பார்த்தார்.

"நீ எப்ப இப்படிக் கெழவியான?" என்றார்.

"உங்களைப் பாத்துப் பாத்துத்தான்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், அந்த ஒரு தடவைதான்.

சட்டையை இழுத்துப் பார்த்தார். வெளிறிச் சாம்பலாகிவிட்டது என்று நினைத்திருந்தாராம். நல்ல நீலம். காரில் வரும்போது சன்னலோடு ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். ஊர் எல்லையில் கூட்டில் நின்ற நாரையைக் கண்டதும் மணிக்கட்டைத் தொட்டார். ஆனால் நூலை அவிழ்க்கவில்லை. ரொட்டிக்கடைப் பக்கம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

கம்பத்தின் முன் போய் நின்றார். கண்ணைக் கசக்கக்கூடாது, குனியக்கூடாது, தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் ஆயிரம் சொல்லியிருந்தாள். அதனால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். மழையில் கரைந்தவை, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியவை, பாதி கிழிந்தவை. கிட்டே போனால் எழுத்து கலங்கியது, அதனால் ஓர் அடி பின்னால் நகர்ந்து படங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். ராங்கெல் மட்டுமா? அவர் வண்டியில் டிக்கெட் கொடுத்த லிலியானா, ரொட்டிக்கடைக்காரனின் அம்மா, கடைசி இருக்கையில் தூங்கிக்கொண்டே வருகிற தபால்காரர். எல்லாரும் அந்தச் சண்டைக்கு அப்புறம், அவருக்குச் சொல்ல ஆளில்லாதபோது போனவர்கள். எங்களுக்கு ஒவ்வொருவராகச் செத்தார்கள், அவருக்கு அத்தனை பேரும் அந்த ஒரு மத்தியானத்தில் செத்தார்கள். ரொட்டி வாங்க வந்த ஒன்றிரண்டு பேர் அவரைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவர் திரும்பி அவர்களுக்குப் பெயர் சொல்லி வணக்கம் சொன்னார்.

கண்ணில் தண்ணீர் வந்தது. அழக்கூடாது, தையல் இல்லாத புண் என்று நான் அதட்டினேன். அழவில்லை, மருந்து என்றார். மருந்து விட நேரமே ஆகவில்லை.

அப்புறம் காலையில் கடை திறக்கும்போதும் மூடும்போதும் நான்தான் சொட்டு மருந்து விட்டேன். நடுவில் விடவேண்டியதை அவரே கண்ணாடி பார்த்து விட்டுக்கொண்டார், பாதி கன்னத்தில் ஓடும். மகள் போனில் வந்தாள். எப்போதும்போலக் குண்டாயிட்டே என்று ஆரம்பித்தவர், போனை எட்ட நீட்டிப் பார்த்து நிறுத்தினார். நரைச்சுப்போயிட்டியே என்றார். அவள் போனைக் கொஞ்ச நேரம் மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டாளாம்.

ஆறாம் மாதத் திதி வந்தது. கல்லறையில் பாதிரியார் பாட்டுச் சொல்லி முடித்ததும், கினா அக்கா சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமையைக் கரண்டியால் எடுத்து ஒவ்வொருவர் கையிலும் வைத்துக்கொண்டு வந்தாள். வாங்குகிறவர்கள், கடவுள் அவரை மன்னிக்கட்டும், என்று சொல்லவேண்டும். ஸ்டாமென் வரிசையின் கடைசியில் நின்றார், கறுப்புக் கோட்டு, கண் கூச்சத்துக்காக டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. நான் முந்தின நாளே கினாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

அவர் முன்னால் வந்ததும் நின்றாள். ஸ்டாமென் கண்ணாடியைக் கழற்றினார். கையை நீட்டினார். கோதுமையை வைத்தாள்.

"கடவுள் அவனை மன்னிக்கட்டும்," என்றார். "என்னை நீ மன்னி, கினா. எனக்குத் தெரியாது."

"நிஜமாவே கண்ணு தெரியலையா?" என்றாள் கினா.

"தெரியலை."

"அந்தப் பெஞ்சும் தெரியலையா? எங்க வாசல் பெஞ்சு?"

ஸ்டாமென் விழித்தார். கினா கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அக்டோபர் முழுக்க அவரு அதுலதான் உக்காந்திருந்தாரு. நீங்க ரொட்டிக்குப் போற நேரம் பாத்து. நீங்க எதிர்ச் சாரியில போவீங்க, இவரு கை தூக்குவாரு. வாயால கூப்பிட அவருக்கும் வீம்பு. கை மட்டும் தூக்குவாரு. நீங்க நேராப் பாத்துட்டுப் போயிடுவீங்க. உள்ள வந்து, இன்னும் கோவம் போகல அவனுக்கு, நாளைக்குப் பாப்போம்பாரு. போறதுக்கு முந்தின நாளும் அப்படித்தான் சொன்னாரு."

ஸ்டாமென் கையிலிருந்த கோதுமையைச் சாப்பிடவும் இல்லை, கீழே போடவும் இல்லை. எந்தக் கை, என்று கேட்டார். வலது கை என்றாள் கினா. அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவர் தனியாக நடந்து போனார்.

மறுநாள் காலை கடை திறக்கப் போகிற வழியில் பார்த்தேன். ஸ்டாமென் ரொட்டிப் பையோடு எதிர்ச் சாரியில் வந்தார். கினா வீட்டுக்கு நேராக வந்ததும் நின்றார். வாசல் கதவில் நான் ஒட்டிய புது நோட்டீஸில் ராங்கெல் சிரித்துக்கொண்டிருந்தார், அதன் கீழே காலி பெஞ்சு. ஸ்டாமென் வலது கையைத் தூக்கினார். தலைக்கு மேல், பேருந்து ஓட்டின காலத்தில் தூக்குவாரே, அதே மாதிரி. இறக்கிவிட்டுப் போனார். அவர் கையில் அந்த நூல் இல்லை. நான் கிட்டே போய்ப் பார்த்தேன், பெஞ்சின் காலில் கட்டியிருந்தது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். கோடை போய் இலை உதிரத் தொடங்கியும் நிற்கவில்லை. தெருவில் போகிறவர்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். கினா சன்னல் திரையை விலக்குவதில்லை. ஆனால் அவர் போகிற நேரத்துக்கு உள்ளே விளக்கு எரியும், அதை நான் கவனித்திருக்கிறேன். நாரைகள் தெற்கே போய்விட்டன. நோட்டீஸ் வெளுக்கும்போதெல்லாம் யாரும் கேட்காமலே புதிதாக ஒன்று அடித்து நான் ஒட்டிவிடுகிறேன்.

வலது கண்ணுக்கும் செய்துகொள்ளச் சொல்லி டாக்டர் யானேவா எனக்குப் போன் செய்தாள். இந்தத் தடவை வேண்டுமானால் கிட்டத்துக்கு வைக்கலாம், படிக்கச் சௌகரியம், கேட்டுப்பாருங்கள் என்றாள். கேட்டேன். எதைப் படிக்க என்றார். பலகையை மூடிப் பரணில் போட்டாயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் வாய் சும்மா இருக்கிறவள் இல்லையே.

"இன்னும் எத்தனை நாளைக்கு இப்படிக் கை தூக்கிட்டே இருப்பீங்க?" என்று கேட்டேன்.

"அவன் எத்தனை நாள் தூக்கினான்னு கினாகிட்ட கேட்டேன், நெவியானா. அவளுக்குத் தெரியலை," என்றார். "எனக்கு எப்ப நிறுத்தறதுன்னு தெரியலை."